சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடிபெயரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019 கோடையில் சென்னையில் தண்ணீர் லாரிக்காகக் கண்விழித்துக் காத்திருந்த ஒரு ராத்திரியில்தான் ஊரை மாற்றும் பேச்சு எங்கள் வீட்டில் முதலில் எழுந்தது. 2021இல் சாமான்களைக் கட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்துவிட்டோம். எனக்குச் சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். திருச்சியில் உறவென்று யாரும் கிடையாது, அதனால் ஊர்ப்பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வந்த நாளிலிருந்து பழைய அலுவலக நண்பர்களும் சொந்தக்காரர்களும் போன் போட்டு ஒரே மாதிரி சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் பேசி அலுத்துப்போய், இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

திருச்சி எல்லாம் ஒரு சிட்டியா? ரொம்பச் சின்ன ஊரா இருக்காதா?

2011 கணக்கெடுப்பில் மாநகராட்சிக்குள் சுமார் 8.5 லட்சம் பேர், சுற்றுப்பகுதிகளையும் சேர்த்தால் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். அதற்கப்புறம் ஊர் நாலாபக்கமும் வளர்ந்திருக்கிறது. விமான நிலையம், பெரிய ரயில் சந்திப்பு, என்.ஐ.டி., ஐ.ஐ.எம்., அரசு மருத்துவக் கல்லூரி எல்லாம் உண்டு. மெட்ரோ ரயில் கிடையாது, கடல் கிடையாது.

ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயம். சென்னையில் வேளச்சேரியிலிருந்து அம்பத்தூருக்குத் தினமும் போய்வந்தவன் நான்.

மாசம் எவ்வளவு மிச்சமாகும்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். பதிலைக் கேட்டதும் முகம் சுருங்குகிறது. வாடகை குறையும், அது நிச்சயம். எங்களுக்குச் சென்னையில் கொடுத்ததில் பாதிக்குச் சற்று மேல் ஆகிறது, அறைகளும் பெரிசு. காந்தி மார்க்கெட்டில் காய் வாங்கினால் அதிலும் கொஞ்சம் மிச்சமாகும்.

மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். சோப்புக்கும் எண்ணெய் பாக்கெட்டுக்கும் எம்.ஆர்.பி. ஊருக்கு ஊர் மாறாது. பெட்ரோல், இன்டர்நெட், கடன் தவணை, இன்சூரன்ஸ் எதுவும் இறங்காது. நல்ல தனியார் பள்ளிக் கட்டணமும் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் குறைவில்லை. புதிதாக ஒரு செலவும் முளைக்கும்: கல்யாணம், காதுகுத்து, ஆபீஸ் என்று சென்னைக்குப் போய்வருவது. காரில் போனால் சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று ஆறு சுங்கச்சாவடிகளில் அழ வேண்டும்.

முதல் வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது எங்களுக்கு மிஞ்சிய பணம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மிஞ்சியது தினமும் இரண்டரை மணி நேரம். பணத்துக்காக மட்டும் வருகிறீர்கள் என்றால் ஒருமுறை உட்கார்ந்து நிதானமாகக் கணக்குப் போடுங்கள்.

சென்னை மாதிரி பத்து மாச அட்வான்ஸ் கேப்பாங்களா?

கேட்பவர்களும் இருக்கிறார்கள், பேசினால் இறங்கி வருவார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும் என்பதும் அதில் உண்டு. வீட்டுக்காரரிடம் சட்டம் பேசப்போய் வீட்டைக் கோட்டைவிட வேண்டாம். ஆனால் ஒப்பந்தம் எழுதாமல் மட்டும் குடிபோகாதீர்கள்.

எந்த ஏரியாவில வீடு பாக்குறது?

தில்லைநகர், கன்டோன்மென்ட் இரண்டும் விலை கூடிய பகுதிகள். ஆஸ்பத்திரி, கடை எல்லாம் கைக்கெட்டும் தூரம், வண்டி நிறுத்தத்தான் இடமிருக்காது. கே.கே. நகர் அமைதியான குடியிருப்பு, விமான நிலையமும் பக்கம். பெல் (பி.எச்.இ.எல். பாய்லர் ஆலை), துப்பாக்கித் தொழிற்சாலை, என்.ஐ.டி. பக்கம் வேலை என்றால் திருவெறும்பூர், காட்டூர் வசதி. ஆனால் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரைக்கும் தஞ்சாவூர் சாலையில் அணுகுசாலை வேண்டுமென்று மக்கள் பல வருடமாகக் கேட்டு வருகிறார்கள். காலை எட்டரை மணிக்கு ஒருமுறை அந்தச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டிப் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும். அரியமங்கலத்தில் வீடு மலிவாகக் கிடைத்தால், குப்பைக் கிடங்கு எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஸ்ரீரங்கத்தை நிறையப் பேர் மனசில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவு அது. 2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது ஏறக்குறைய ஆறு மாதம் ஊருக்குள் வர சுற்றித்தான் வர வேண்டியிருந்தது. வைகுண்ட ஏகாதசிக்குக் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் உங்கள் வண்டியை நீங்களே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. இதெல்லாம் தெரிந்தும் அங்கேதான் இருப்பேன் என்பவர்கள் மிகச் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

மேற்குப் பக்கம், கருமண்டபம், வயலூர் ரோடு, உறையூர் வட்டாரத்தில் பார்க்கிறவர்கள் அக்கம்பக்கத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "2005இல் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரைக்கும் நின்றது?" அந்த நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் உய்யக்கொண்டானும் பெருகி ஊருக்குள் வந்தன. பழைய ஆட்கள் சுவரைத் தொட்டே காட்டுவார்கள்.

தண்ணி எப்படி?

நாங்கள் ஊர் மாறியதற்கே காரணம் இதுதான், அதனால் பாரபட்சம் இருக்கலாம். மாநகராட்சிக் குழாயில் வருவது காவிரி, கொள்ளிடப் படுகைக் கிணறுகளிலிருந்து எடுக்கிற தண்ணீர். ஆறு மேலே மணலாகக் கிடக்கும் கோடையிலும் அடியில் ஊற்று இருக்கிறது. வந்த நாள் முதல் நான் லாரித் தண்ணீர் வாங்கியதில்லை.

இது குழாய் இணைப்பு உள்ள வீட்டுக்குத்தான். மாநகராட்சி எல்லையிலும் அதற்கு வெளியிலும் புதிதாக எழும்பும் நகர்களில் போர் தண்ணீர்தான், பல இடங்களில் உப்பு. வீடு பார்க்கப் போகும்போது குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பாத்ரூம் குழாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் குடிக்கவே வேண்டாம், விடை தெரிந்துவிட்டது.

வெயில் தாங்க முடியுமா?

கஷ்டம்தான். சென்னையில் கசகசவென்று வியர்க்கும், ஆனால் மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்துவிடும். இங்கே கடல்காற்று கிடையாது. அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டை வாடகை குறைவு என்று எடுத்தால் அந்தக் குறைவைக் கரண்ட் பில்லில் கட்டுவீர்கள். நாங்கள் கட்டினோம். ஆடி பிறந்தால் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும், அப்போதுதான் உயிர் வரும்.

அங்க வேலை கிடைக்குமா?

வேலையோடு வாருங்கள், வந்து தேடிக்கொள்ளலாம் என்று வராதீர்கள். திருச்சி ஆலைகளால் வளர்ந்த ஊர். பொன்மலை ரயில்வே பணிமனை 1920களின் கடைசியில் வந்தது. பெல்லும் துப்பாக்கித் தொழிற்சாலையும் 1960களில். பெல்லை நம்பி துவாக்குடி பக்கம் நூற்றுக்கணக்கில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் உருவாயின. அனல்மின் நிலைய பாய்லர் ஆர்டர் குறைந்த வருடங்களில் அந்தப் பட்டறைகள் எல்லாம் சேர்ந்து படுத்தன. ஒரே ஆலையை நம்பிய ஊருக்கு இந்தச் சிக்கல் இருக்கத்தான் செய்யும்.

கல்லூரி, பள்ளி, மருத்துவமனை, வங்கி ஆகியவற்றில் வாய்ப்புகள் பரவாயில்லை. கணினித் துறைக்கு நவல்பட்டில் எல்காட் பூங்கா இருக்கிறது, ஆனால் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையோடு ஒப்பிடவே முடியாது. அங்கே ஒரு கம்பெனி சரியில்லை என்றால் எதிர்க்கட்டிடத்துக்கு மாறலாம், இங்கே எதிர்க்கட்டிடம் இல்லை. சம்பளமும் குறைவு.

எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். என் மனைவி சென்னையில வேலை பாக்குறா. அவளுக்கு அங்க ஏதாவது கிடைச்சிடும்தானே?

இந்த "கிடைச்சிடும்தானே"வை நானும் சொன்னேன். என் மனைவிக்குச் சரியான வேலை அமைய பதினான்கு மாதம் ஆனது, அதுவும் பழைய சம்பளத்தில் பாதிக்கு. அந்தப் பதினான்கு மாதத்தில் ஊர் எனக்குச் சொர்க்கமாகவும் அவளுக்கு வேறு மாதிரியாகவும் இருந்தது. மேலே இரண்டரை மணி நேரம் மிஞ்சியது என்று எழுதினேனே, அது எனக்கு. அவளுக்கு நாள் முழுக்க மிஞ்சியது.

இரண்டு பேரும் சம்பாதிக்கிற வீடு என்றால், சம்பளத்தைக் கையோடு கொண்டுவர முடியாதவர் யாரோ அவருடைய வேலையை முதலில் முடிவுசெய்யுங்கள். அதற்கப்புறம் வீடு தேடலாம்.

கம்பெனி திடீர்னு ஆபீசுக்கு வரச் சொன்னா?

மாதம் இரண்டு முறை என்றால் சமாளிக்கலாம். வாரம் மூன்று நாள் என்றால் முடியாது, சென்னையில் ஒரு பி.ஜி. அறை எடுத்துத் தங்க வேண்டிவரும். அந்த வாடகையை மேலே போட்ட கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

ஏறக்குறைய 330 கிலோமீட்டர். வந்தே பாரத் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய எடுத்துக்கொள்கிறது என்று எல்லாரும் உற்சாகமாகச் சொல்வார்கள். நேரத்தைப் பாருங்கள்: திருநெல்வேலியிலிருந்து வருகிற வண்டி திருச்சியைக் காலை பத்து மணிவாக்கில்தான் தொடும், எழும்பூர் போய்ச் சேரும்போது ஆபீசில் சாப்பாட்டு நேரமே முடிந்திருக்கும். நாகர்கோவில் வண்டி இன்னும் மோசம், ராத்திரிதான் சென்னைக்குள் நுழையும். காலைக் கூட்டத்துக்குப் போகிறவனுக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்தான் கதி. ராத்திரி ஏறிப் படுத்தால் விடியும்போது எழும்பூர். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு டிக்கெட் வேண்டுமென்றால் திறந்த அன்றைக்கே போடுங்கள்.

பஸ் என்றால் 2025இலிருந்து வெளியூர் வண்டிகளுக்குப் பஞ்சப்பூர் நிலையம், அந்தப் பக்கம் கிளாம்பாக்கம். இரண்டுமே ஊருக்கு வெளியே. படுக்கையை விட்டு எழுந்து கிளாம்பாக்கத்திலிருந்து நகரத்துக்குள் போக இன்னொரு பயணம் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

வண்டி இல்லாம ஓட்ட முடியுமா?

சத்திரம் பேருந்து நிலையம், ரயில் ஜங்ஷன், மத்தியப் பேருந்து நிலையம் என்ற பாதையில் இருந்தால் முடியும். நிமிடத்துக்கொரு டவுன் பஸ் வரும், பாட்டுச் சத்தம் தெருமுனைக்கே கேட்கும். அவற்றில் பாதி தனியார் பஸ்கள். பெண்களுக்கான இலவசப் பயணம் அரசு சாதாரண நகரப் பேருந்துகளில்தான், தனியாரில் டிக்கெட் எடுக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் பெண்கள் முதல் வாரத்தில் நடத்துநரிடம் இதற்காக மல்லுக்கு நிற்பது வழக்கம். உள்பகுதிகளில் வீடு என்றால் ஒரு ஸ்கூட்டராவது தேவை. சென்னைப் பதிவெண்ணை மாற்ற வேண்டியதில்லை, முகவரியை மட்டும் ஆர்.டி.ஓ.வில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பிள்ளைங்க படிப்பு கெட்டுடாதா?

கெடாது. 1844இல் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி முதல் இன்றைய என்.ஐ.டி. வரை இது படிப்புக்குப் பேர்போன ஊர். மாநிலப் பாடத்திட்டம், சி.பி.எஸ்.இ. இரண்டுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. சர்வதேசப் பாடத்திட்டம் என்றால்தான் தேர்வு செய்ய அதிகமில்லை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்த வருடம் நகராதீர்கள். மற்ற வகுப்புகளுக்கு ஏப்ரல், மே மாதத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு வருவது நல்லது. நாங்கள் அக்டோபரில் வந்தோம், ஒரு பள்ளி வாசலில் மூன்று நாள் நிற்கவைத்தார்கள்.

அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வரலாமா? ஆஸ்பத்திரி வசதி எப்படி?

சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு முறிவு, இதய ஆஞ்சியோ வரைக்கும் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், வயதானவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அரிதான நோய், சிக்கலான அறுவைச் சிகிச்சை என்றால் சென்னைக்கோ மதுரைக்கோ போக வேண்டிவரலாம். ஏற்கெனவே சென்னையில் ஒரு மருத்துவரிடம் தொடர் சிகிச்சையில் இருப்பவர்கள், இங்கே யாரிடம் தொடரலாம் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு வாருங்கள்.

பெரியவர்களுக்கு நண்பர்கள் சீக்கிரம் கிடைத்துவிடுகிறார்கள். என் அப்பாவுக்கு மூன்றாவது வாரத்தில் டீக்கடைக் கூட்டாளி அமைந்துவிட்டார். எனக்கு இரண்டு வருடம் ஆனது.

போர் அடிக்காதா?

அடிக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போக இடம் கம்மி. மால், பெரிய கச்சேரி, புது நாடகம் என்று பழகியவர்களுக்கு ஆறாவது மாதத்தில் ஒரு வெறுமை வரும். முக்கொம்பு, கல்லணை, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா எல்லாம் விருந்தினர் வரும்போது பத்து முறை பார்த்தாகிவிடும். சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு நேரடி விமானம் இருப்பது மட்டும் இங்கே சென்னைக்குச் சமமான சுகம். வடக்கே போவதென்றால் பெரும்பாலும் வேறு ஊரில் மாறித்தான் போக வேண்டும்.

வீடு கொடுக்கும்போது ரொம்பக் கேள்வி கேப்பாங்களாமே? பேச்சிலருக்குக் கிடைக்குமா?

கேட்பார்கள். "சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு?" என்று நீளும் விசாரணை எதற்கு என்று நமக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். சென்னையிலும் இது உண்டு, ஆனால் அங்கே அபார்ட்மென்ட் நிறைய, ஒன்று இல்லையென்றால் இன்னொன்று. இங்கே வீட்டுக்காரர் கீழே இருப்பார், நீங்கள் மாடியில் இருப்பீர்கள். சைவம் மட்டும் என்ற நிபந்தனை ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அதிகம். தனியாக வாழும் பெண்களிடம் யார் வருவார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கேட்கிறார்கள்.

என் அலுவலகத் தோழி ஒருத்தி நாலு வீட்டில் மறுப்பு வாங்கிவிட்டு, கடைசியில் கே.கே. நகர்ப் பக்கம் வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் ஃப்ளாட்டில் குடியேறினாள். வழி அதுதான்: வீட்டுக்காரர் கூடவே குடியிருக்காத ஃப்ளாட்டாகத் தேடுங்கள். சென்னையில் யாருக்கும் தெரியாமல் வாழ்ந்த சுகம் இங்கே முழுசாகக் கிடைக்காது. எனக்கு இந்த ஊரில் பிடிக்காத விஷயம் வெயில் கூட இல்லை, இதுதான்.

எச்.ஆர்.ஏ., அதான் சம்பளத்தில வர்ற வீட்டு வாடகைப்படி, குறைஞ்சிடுமா?

மத்திய அரசு ஊழியருக்குக் குறையும்: சென்னை எக்ஸ் வகை, 30 சதவீதம், திருச்சி ஒய் வகை, 20 சதவீதம். தனியார் ஊழியருக்குக் கம்பெனி கொடுப்பதுதான். வருமானவரி விலக்கில் சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், திருச்சிக்கு 40 சதவீதம் என்ற வரம்பு பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். நடைமுறையில் இங்கே வாடகையே குறைவாக இருப்பதால், வாடகையிலிருந்து சம்பளத்தில் பத்து சதவீதத்தைக் கழித்தால் வரும் தொகைதான் பெரும்பாலும் விலக்காக நிற்கும். 40ஆ 50ஆ என்று கவலைப்படும் நிலையே பலருக்கு வராது.

வாடகைக்குப் பதிலா லீசுக்குப் போனா என்ன?

ஐந்து, ஆறு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது, அதாவது போக்கியம், இங்கே புழக்கத்தில் உண்டு. கேட்க இனிக்கும். அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, வீட்டுக்காரர் தவணை கட்டாமல் விட்டால் வங்கி முதலில் வந்து நிற்கும், உங்கள் பணம் அப்புறம்தான். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பதிவுக்கு வீட்டுக்காரர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

வந்ததும் ஒரு மனை வாங்கிப் போட்டுடலாமா? பஞ்சப்பூர் பக்கம் ஏறுதுங்கறாங்களே?

பஸ் நிலையம் வந்ததிலிருந்து மதுரை ரோட்டில் ஒவ்வொரு விளம்பரப் பலகையும் "பஞ்சப்பூருக்கு மிக அருகில்" என்றுதான் சொல்கிறது. அந்த அருகு சில இடங்களில் பதினைந்து கிலோமீட்டர். டி.டி.சி.பி. (நகரமைப்புத் துறை) அனுமதி, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், பட்டா, வில்லங்கம் நான்கையும் பார்த்தபிறகு, மழை பெய்த மறுநாள் நேரில் போய் மனையைப் பாருங்கள். ஒரு வருடமாவது வாடகையில் இருந்து ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கழித்துவிட்டு வாங்குவதுதான் என் கட்சி.

கோயம்புத்தூர், மதுரை எல்லாம் இருக்க, ஏன் திருச்சி?

கோவையில் வேலை வாய்ப்பும் தட்பவெப்பமும் மேல், வாடகையும் அதற்கேற்ப மேல். மதுரையில் உணவும் ஊர்க்களையும் மேல். திருச்சி மாநிலத்துக்கு நடுவில் இருக்கிறது; என் ஊருக்கும் மனைவியின் ஊரான புதுக்கோட்டைக்கும் போய்வரத் தோது. அவ்வளவுதான் காரணம். உங்கள் பெற்றோர் பொள்ளாச்சியில் இருந்தால் நீங்கள் கோவைக்குப் போவதே சரி.

எல்லாம் சரி, பிடிக்கலைன்னா திரும்பி வந்துட முடியுமா?

முடியும், ஆனால் வந்த செலவைவிடத் திரும்பும் செலவு அதிகம். சென்னையில் விட்ட வாடகைக்கு அதே வீடு திரும்பக் கிடைக்காது. சொந்த ஃப்ளாட் இருந்தால் முதல் இரண்டு வருடத்துக்கு விற்காமல் வாடகைக்கு விட்டு வாருங்கள். சமையல் எரிவாயு இணைப்பையும் ரேஷன் கார்டு முகவரியையும் உடனே மாற்றலாம், அவற்றைத் திரும்ப மாற்றுவது சுலபம். பிள்ளையின் பள்ளியை இரண்டு முறை மாற்றுவதுதான் வலிக்கும்.

எங்களுக்குப் பிறகு எங்கள் பேச்சைக் கேட்டு மூன்று குடும்பங்கள் வந்தன. ஒரு குடும்பம் பதினொரு மாதத்தில் திரும்பிவிட்டது. மனைவியின் வேலை பற்றிய கேள்வியில் நான் எழுதிய அதே காரணம். அவர்கள் விட்டுப்போன வாஷிங் மெஷின் ஸ்டாண்டு இன்னும் எங்கள் மாடியில் கிடக்கிறது. எடுத்துக்கொள்ள வருகிறோம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்கிறார்கள்.